தூத்துக்குடி அறைகலன் பூங்காவில் தச்சுப் பட்டறைகளுக்கும் இடம் வேண்டும்: தொழில் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் தொழில் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறையின் செயலர் அவர்களுக்கும், சிப்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தூத்துக்குடி பன்னாட்டு அறைகலன் பூங்காவுக்கு 2022 மார்ச் 7 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டியபோது, தென்மாவட்டங்களில் மரத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் அதைத் தங்கள் வீட்டுச் செய்தியாகவே எடுத்துக்கொண்டன. ஏறத்தாழ 1,150 ஏக்கரில், துறைமுகத்துக்கு அருகில், நாற்காலி, மேசை, கட்டில் போன்ற அறைகலன் தொழிலுக்கென்றே ஒரு பூங்கா என்பது எங்கள் தலைமுறை கேள்விப்படாத அளவிலான திட்டம். தென்காசி மாவட்டத்தில் தச்சுப் பட்டறை நடத்துபவன் என்ற முறையிலும், பல பட்டறைகளின் சாமான்களைத் திரட்டி ஏற்றுமதியாளர்களுக்கு அனுப்பும் வேலையில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையிலும், அந்தப் பூங்கா வெற்றி பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அந்த விருப்பத்தினால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்காவின் பரப்பில் பத்தில் ஒரு பங்கையாவது சிறு பட்டறைகளுக்கான பொது வசதிகளுக்கு ஒதுக்குங்கள். மரம் உலர்த்தும் உலைகள், சோதனைக் கூடம், மரத்தின் பிறப்பிடத்தைப் பதிந்து சான்றளிக்கும் அலுவலகம் ஆகியவற்றைப் பெரிய ஆலைகளின் வரவுக்குக் காத்திராமல் முதலில் கட்டுங்கள். ஐந்து பேர், பத்து பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை சிப்காட்டில் ஏக்கர் கணக்கில் மனை வாங்கப் போவதில்லை. வாங்கினாலும் அங்கே குடிபெயர முடியாது. ஆனால் உலையும் சோதனைக் கூடமும் சான்றும் தூத்துக்குடியில் கிடைக்குமானால், செங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ இருந்தபடியே அந்தப் பட்டறையால் உலகச் சந்தைக்குச் சாமான் செய்ய முடியும்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதே தொழிலை வளர்த்துவிடும் என்ற எண்ணம் பூங்காவைப் பற்றிய பேச்சுகளில் அடிக்கடி தென்படுகிறது. இந்திய மரச்சாமான் ஏற்றுமதியில் பெயர் பெற்ற ஜோத்பூரை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். தார்ப் பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் அந்த நகரத்திலிருந்து முந்த்ரா துறைமுகம் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மாமரமும் சீசம் மரமும்கூட அங்கே பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகின்றன. பழைய கதவுகளையும் பெட்டிகளையும் வாங்கிச் செப்பனிட்டு வெளிநாட்டாருக்கு விற்ற வியாபாரத்திலிருந்து தொடங்கி, ஏற்றுமதித் தொழிலாக அது வளர்ந்தது. நகரத்திலேயே கண்டெய்னரை முத்திரையிட்டு அனுப்பும் உலர் துறைமுகமும், உலைகளும், மெருகு போடும் கூடங்களும், சரக்கைப் பார்த்துச் சரிசொல்லும் ஆட்களும் சேர்ந்து ஒரே ஊரில் அமைந்ததுதான் அந்த வளர்ச்சியைத் தாங்கியது. எங்களுக்குக் கடல் இருக்கிறது, வ.உ.சி. துறைமுகம் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தேக்குத் தடிகள் வந்து இறங்குகின்றன. செங்கோட்டையில் தலைமுறைகளாக மரக்கடைகளும் அறுவை மில்களும் இருக்கின்றன. தடிக்கும் கண்டெய்னருக்கும் நடுவில் இருக்க வேண்டியவைதான் இங்கே இல்லை.

அவற்றில் முதலாவது உலை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு வெளியில் இருப்பவர்களுக்கு இதன் முக்கியத்துவம் எளிதில் புலப்படுவதில்லை. எங்கள் ஊர்களில் பலகையை அறுத்து, நடுவே சட்டங்கள் வைத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்கில் காயவிடுவார்கள். அனுபவமுள்ள ஆசாரி பலகையைத் தூக்கிப் பார்த்து, விரலால் தட்டி, அறுத்த முனையை முகர்ந்து, மரம் வேலைக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவார். உள்ளூரில் இருக்கும் வீட்டுக்கு அந்தக் கணிப்பு போதும். அப்படிச் செய்த கதவுகள் நூறு ஆண்டுகளாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் எங்கள் கடலோரக் காற்றில் எவ்வளவு நாள் காயவிட்டாலும் மரத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது அரிது. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஒத்துப்போன இடத்தில் நின்றுவிடும். அந்த மேசை ஜெர்மனிக்கோ சுவீடனுக்கோ போய், குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் நிற்கும்போது, அங்கிருக்கும் வறண்ட காற்று அதன் ஈரப்பதத்தை 6, 8 விழுக்காட்டுக்கு இறக்கிவிடும்.

அப்போது நடப்பதைக் கணக்காகவே சொல்லலாம். 90 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்கு மேசைப் பலகை, ஈரப்பதத்தில் ஐந்து விழுக்காடு இழந்தால், அறுத்த வாட்டத்தைப் பொறுத்து அகலத்தில் 7, 8 மில்லிமீட்டர் வரை சுருங்கும். சுருங்க இடமில்லாமல் அடியில் திருகாணி போட்டு இறுக்கியிருந்தால் நடுவில் பிளந்துவிடும். எங்கள் முன்னோர் இதை அறிந்தே கதவுச் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் பலகையைப் பசை போடாமல் விட்டார்கள். மழைக்காலத்தில் அது விரியவும் கோடையில் சுருங்கவும் இடம் இருந்தது. கைவேலையில் குறை ஏதும் இல்லாமலேயே சரக்கு பழுதாகிறது. அப்படி வெடித்த மேசைகளின் படங்களைக் கைப்பேசியில் எனக்குக் காட்டிய வாங்குபவர்கள் உண்டு. இணைப்புகளில் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. துளைக்குள் செருகிய முனையான கழுந்து அசையாமல் நின்றது. பலகை மட்டும் நீளவாட்டில் திறந்திருந்தது. அந்தப் பட்டறைக்கு அதற்கடுத்த ஆர்டர் வரவில்லை.

உலையில் வைத்து வெப்பத்தையும் ஈரத்தையும் படிப்படியாகக் கட்டுப்படுத்தினால், ஓர் அங்குலப் பலகை இரண்டு மூன்று வாரங்களில் 8 விழுக்காட்டுக்கு வந்துவிடும். அவசரப்பட்டால் உள்ளே வெடிக்கும். ஆகவே உலையை இயக்குவதும் ஒரு தனித் தேர்ச்சி. கொதிகலனும் விசிறிகளும் அளவீட்டுக் கருவிகளும் கொண்ட அத்தகைய உலையைத் தனி ஒரு பட்டறை போட முடியாது. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் மானியமும் கிடைக்கின்றன. கைக்கருவிகளும் இழைப்பு இயந்திரமும் வாங்குவதற்கு அது நல்ல உதவி. உலைக்கு அது எந்த விதத்திலும் போதாது. கூலிக்கு நெல் அரைத்துத் தரும் மில்லைப் போல, கன அடிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மரத்தை உலர்த்தித் தரும் பொது உலைகள் தேவை. தூத்துக்குடியில் ஒரு பெரிய தொகுதி, செங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் ஒவ்வொரு சிறிய தொகுதி என்று இருக்குமானால் போக்குவரத்துச் செலவும் குறையும்.

நாகர்கோவிலைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன. பால் வற்றிய மரங்களை 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். வெட்டிய ரப்பர் மரம் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துக் கருநீலமாகிவிடும், வண்டு அரிக்கும். அதனால் அது நம் நாட்டில் பெரும்பாலும் பேக்கிங் பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் போகிறது. மலேசியாவும் ஒரு காலத்தில் அதே மரத்தை விறகாக எரித்தது. வெட்டியவுடன் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, உடனே உலையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, ஜோகூர் மாநிலத்தின் மூவார் நகரம் ரப்பர் மர நாற்காலிகளையும் கட்டில்களையும் உலகெங்கும் அனுப்பும் ஊராகிவிட்டது. அந்த நாட்டின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து போன நம் மக்கள். காடு எதையும் அழிக்காமல், தோட்டத்தின் கழிவிலிருந்தே ஒரு ஏற்றுமதித் தொழில் உருவாகலாம் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஆவணம். இன்று ஒரு நாற்காலியை ஐரோப்பாவுக்கு அனுப்புபவர், அதன் மரம் எந்த நிலத்தில் வளர்ந்தது என்று சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடை விதிமுறை 2023இல் சட்டமானது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த மரம் எதுவும் அங்கே விற்பனைக்கு நுழையக் கூடாது. மரச்சாமான்களும் அதில் அடக்கம். மரம் வளர்ந்த நிலத்தின் புவி ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பதிய வேண்டும். இருமுறை தள்ளிப்போடப்பட்ட இந்த விதி, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதலும், குறு, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 முதலும் பொருந்தும் என்று கடைசியாக அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லேசி சட்டம் 2008 முதலே, திருட்டு மரத்தில் செய்த பொருளை வாங்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது.

இறக்குமதித் தேக்கை நம்பியிருக்கும் பட்டறைக்கு இது பெரும் சிக்கல். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தடி ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, கானா, பெனின், ஈக்வடார், கோஸ்டாரிக்கா, பனாமா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்குதான் நம் சந்தையை நிரப்புகிறது. சுற்றளவு குறைந்த தடிகள் அவை. நடுவில் உள்ள கெட்டியான வைரம் குறைவு, வெளிப்புற வெள்ளைப் பகுதி அதிகம். இறக்குமதியாளரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து மரக்கடைக்கும், மரக்கடையிலிருந்து பட்டறைக்கும் கைமாறி வரும்போது ஒரு தடியோடு எந்தக் காகிதமும் கூடவே வருவதில்லை. பட்டறைக்காரர் கையில் இருப்பது ஜிஎஸ்டி பில் ஒன்று மட்டும். கப்பலில் வந்த கட்டு எண்ணை மரக்கடையில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஆனால் நம் ஊர் மரத்துக்கு உலகில் பல நாடுகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பட்டா நிலத்தில் வளர்ந்த ஒவ்வொரு மரமும் ஒரு சர்வே எண்ணுக்குள் நிற்கிறது. அந்த எண்ணுக்குப் பட்டா உண்டு, அடங்கல் உண்டு, புல வரைபடம் உண்டு. பெரும்பாலானவை கணினியிலும் ஏறிவிட்டன. ஐரோப்பிய ஆணையம் 2025 மே மாதம் வெளியிட்ட வகைப்பாட்டில் இந்தியா காடழிப்பு இடர் குறைந்த நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அதனால் வாங்குபவர் செய்ய வேண்டிய ஆய்வுகள் எளிதாகின்றன. நிலத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் கடமை மட்டும் நீங்கவில்லை. கேட்கும் விவரம் நம் வருவாய்த் துறையின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பட்டறைவரை கொண்டுவந்து சேர்க்கும் வழிதான் இல்லை.

இப்போது நடப்பது என்னவென்றால், ஒரு விவசாயி தன் வரப்பில் நின்ற தேக்கை வெட்ட வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, வனத்துறையிடம் அனுமதி, லாரிக்கு நடைச்சீட்டு என்று அலைகிறார். அந்த அலைச்சலுக்கு அஞ்சியே பலர் இடைத்தரகரிடம் நின்ற நிலையில் மரத்தை விற்றுவிடுகிறார்கள். மரம் அறுவை மில்லுக்குள் நுழைந்ததும் அந்தச் சான்றுகள் கோப்பில் போய்விடுகின்றன; பலகையாக வெளியே வரும்போது அதற்குப் பெயரும் ஊரும் இல்லை. சான்று வாங்கும் தொல்லை முழுவதையும் விவசாயி படுகிறார், அந்தச் சான்றினால் கிடைக்கக்கூடிய பயன் எதுவும் தொழிலுக்கு வந்து சேர்வதில்லை. வெட்டு அனுமதியின் எண்ணையே ஒரு க்யூஆர் குறியாக்கி, மில்லில் அறுத்த கட்டுக்கும், உலைக்குப் போகும் அடுக்குக்கும், கடைசியில் மேசையின் அடிப்பலகைக்கும் தொடர்ந்து ஒட்டிவருமாறு செய்ய வேண்டும். வருவாய், வனம், தொழில் ஆகிய துறைகள் சேர்ந்து அமைக்க வேண்டிய ஏற்பாடு இது. பூங்காவில் இருக்க வேண்டிய சான்று அலுவலகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அரசு சில ஆண்டுகளாகப் பசுமைப் போர்வை இயக்கத்தின் கீழ் தேக்கு, மகோகனி, வேங்கை போன்ற கன்றுகளை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவருகிறது. அந்தக் கன்றுகள் அறுவைக்கு வரும்போது அவற்றை நல்ல விலைக்கு வாங்க ஒரு தொழில் காத்திருக்க வேண்டும். சவுக்கும் தைலமரமும் நட்ட விவசாயிக்குக் காகித ஆலை என்ற நிச்சயமான வாடிக்கையாளர் இருப்பதால்தான் அந்த மரங்கள் பரவின. பூவரசுக்கும் வாகைக்கும் அப்படி ஒருவர் இல்லை. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி தொழில்சார் வேளாண் காடு வளர்ப்பில் செய்துவரும் பணியைப் பூங்காவோடு இணைத்தால், எந்த மரத்தை எந்தச் சாமானுக்கு, எந்த வயதில் வெட்டலாம் என்ற அறிவும் பட்டறைக்கு வந்து சேரும்.

சான்று என்றதும் அது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்ற அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சத்துக்கு விடை இந்தோனேசியாவின் ஜெப்பாரா நகரத்தில் இருக்கிறது. நடு ஜாவாவின் வடகரையில் உள்ள அந்த ஊர் மரச் செதுக்கு வேலைக்குப் புகழ்பெற்றது. அங்கே பிறந்த, அந்நாட்டின் பெண்ணுரிமை முன்னோடியான கார்த்தினி அம்மையார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சிற்பிகளின் பொருட்களுக்கு வெளியூர்ச் சந்தை தேடிக் கொடுத்தார். 1997–98 நிதி நெருக்கடியில் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிந்ததும், ஜெப்பாராவின் சாமான்கள் வெளிநாட்டாருக்கு மலிவாகி, ஆர்டர்கள் குவிந்தன. அதே ஆண்டுகளில் ஜாவாவின் அரசுத் தேக்குக் காடுகள் பெருமளவில் திருட்டு வெட்டுக்கு ஆளாயின. சில ஆண்டுகளில் நல்ல தேக்கு அரிதாகி விலை ஏறியது, தொழில் சுருங்கியது. சிறு பட்டறைகளோ விலையை வாங்குபவரே நிர்ணயிக்கும் நிலையில் அகப்பட்டுக்கொண்டன. பின்னர் இந்தோனேசிய அரசு மரத்தின் சட்டப்பூர்வத்தைச் சரிபார்க்கும் கட்டாய முறையைக் கொண்டுவந்து, 2016 நவம்பர் 15 முதல் அந்தச் சான்றின் பேரில் ஐரோப்பாவுக்குள் நேரடியாக நுழையும் உரிமத்தைப் பெற்றது. அந்த முறையில் சிறு பட்டறைகள் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றைப் பெறவும், தணிக்கைச் செலவைப் பகிர்ந்துகொள்ளவும் வழி வைத்தார்கள். அத்தகைய குழுச் சான்று இங்கேயும் வேண்டும். அதற்கான முதல் ஐந்தாண்டுத் தணிக்கைக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டால், கருவூலத்துக்கு அது பெரிய சுமையாக இராது.

வியட்நாமைப் பற்றி உங்கள் துறையில் நிறையப் பேசியிருப்பீர்கள். 2004இல் ஒரு பில்லியன் டாலர் அளவில் இருந்த அந்நாட்டின் மரப்பொருள் ஏற்றுமதி 2024இல் 16 பில்லியனைத் தாண்டியது. சீனப் படுக்கையறைச் சாமான்கள் மீது அமெரிக்கா 2005இல் விதித்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் (மிக மலிவாக வந்து குவிவதைத் தடுக்கும் வரி), அதன்பின் அங்கே குடியேறிய வெளிநாட்டு ஆலைகளும் அதற்கு ஒரு காரணம். சிறு விவசாயிகள் மலைச்சரிவுகளில் வளர்க்கும் அகேசியா மரம் இன்னொரு காரணம். முதலாவது காரணம் நம் முடிவில் இல்லை. இரண்டாவது இருக்கிறது.

சோதனைக் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழுப்பறைகளையெல்லாம் திறந்து வைத்து, ஒரு குழந்தை ஏறினால் சாயாமல் நிற்க வேண்டும் என்று அமெரிக்கா 2023 செப்டம்பர் முதல் துணி வைக்கும் பெட்டகங்களுக்குக் கட்டாய விதி வைத்திருக்கிறது. ஒட்டுப்பலகையிலிருந்து வெளியேறும் பார்மால்டிஹைடு வாயுவுக்கு அங்கே 0.05 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.05 பங்கு) என்ற வரம்பு உண்டு. பொருட்களோடு போகும் மரப் பேக்கிங்கின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததற்கான முத்திரை இல்லையென்றால் துறைமுகத்திலேயே சரக்கைத் திருப்பிவிடுவார்கள். நம் நாட்டிலும் நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தர முத்திரையைக் கோரும் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆக, ஏற்றுமதி செய்ய விரும்பாத பட்டறைக்கும் சோதனை வேண்டிய நாள் தொலைவில் இல்லை. ஒரு நாற்காலியைச் சோதிக்க அதை வேறு மாநிலத்துக்கு லாரியில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தால் சிறு பட்டறை சோதிக்கவே முனையாது. சோதிக்காத சரக்கை எந்த நல்ல வாங்குபவரும் தொடமாட்டார்.

கழற்றி மாட்டும் வடிவமைப்பும் இதோடு சேர்ந்தது. முழுதாகப் பூட்டிய நாற்காலிகளை ஏற்றினால் கண்டெய்னரில் பெரும்பகுதி காற்றுதான் பயணம் செய்யும். காலும் முதுகும் இருக்கையும் தனித்தனியாக அட்டைப் பெட்டியில் படுக்குமாறு செய்தால் அதே கண்டெய்னரில் மூன்று நான்கு மடங்கு ஏற்றலாம். செங்கடல் வழி பாதுகாப்பற்றதாகி, 2023 இறுதியிலிருந்து கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கிக் கட்டணம் ஏறியபோது, இந்த வேறுபாடு பலருடைய இலாபத்தையே தின்றுவிட்டது. ஆனால் ஓர் ஊரில் செய்த கால் இன்னோர் ஊரில் செய்த இருக்கையில் துல்லியமாகப் பொருந்த வேண்டுமானால், அரை மில்லிமீட்டர் பிசகாமல் துளையிட வேண்டும். பொதுக் கூடத்தில் கணினி வழிப்படுத்தும் துளையிடும் இயந்திரங்கள் இரண்டு இருந்தால் போதும். செதுக்கும் இழைப்பும் அவரவர் பட்டறையிலேயே நடக்கலாம்.

ஒரே நாட்டுச் சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்தை 2025 எல்லோருக்கும் உணர்த்திவிட்டது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. மெத்தை தைத்த மர இருக்கைகளுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் அக்டோபர் 14 முதல் தனி வரி வந்தது. அமெரிக்க வாங்குபவர்களையே பெரிதும் நம்பியிருந்த ஜோத்பூர் பட்டறைகள் பட்ட பாட்டைச் செய்திகளில் கண்டோம். அவ்வாண்டு ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தைப் போன்றவை புதிய கதவுகளைத் திறக்கின்றன. ஒப்பந்தத்தின் சலுகையைப் பெறுவதற்கும் பொருள் எங்கே தோன்றியது என்ற சான்றுதான் முதலில் கேட்கப்படும்.

இவ்வளவும் யாருக்காக என்பதையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இரும்புக் கதவும் யுபிவிசி சன்னலும் வந்த பிறகு, வீட்டுக்கு நிலையும் கதவும் செய்யும் வேலை எங்கள் ஆசாரிமாருக்குக் குறைந்துகொண்டே போகிறது. தென்காசியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் நல்ல கைகள் கேரளத்துக்கு நாள்கூலிக்குப் போகின்றன. சென்னையின் அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரி அடிக்கும் வேலையில் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நம் பட்டறைகளில் மகன்கள் உளியைத் தொடுவதில்லை என்பதுதான் என் கவலை. தந்தை அறுபது வயதில் ஒரு கட்டிலின் தலைமாட்டில் கொடியும் பூவும் செதுக்கிக்கொண்டிருக்க, மகன் கோயம்புத்தூரில் உணவு விநியோகம் செய்கிறான். அரும்பாவூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். குறியீட்டுக்குப் பின்னால் ஆர்டர் வந்தால்தான் அடுத்த தலைமுறை அங்கே உட்காரும்.

பூங்காவுக்கு வரும் பெரிய ஆலைகளை நான் எதிர்க்கவில்லை. அவர்கள் வரட்டும். அவர்களுக்கு மனையும் மின்சாரமும் சலுகையும் கொடுக்கும்போது, ஆண்டுதோறும் தங்கள் கொள்முதலில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தென்மாவட்டப் பட்டறைகளிடமிருந்து வாங்க வேண்டும் என்பதை ஒதுக்கீட்டு ஆணையிலேயே எழுதுங்கள். பணத்தை 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்தியச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள விதி. அதைப் பூங்காவுக்குள் கண்காணிக்க ஓர் அலுவலரை அமர்த்துங்கள். ஆறு மாதம் பணம் வராமல் பட்டறையை மூடியவர்களை எனக்குத் தெரியும்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு கோரிக்கை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. எங்கள் பட்டறைகளில் உப்புத்தாள் தேய்ப்பதும் மெருகு போடுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு நாள் முழுதும் அந்தத் தூளுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலையில் புருவமும் கண்ணிமையும் பழுப்பாகியிருக்கும். தூள் உறிஞ்சும் குழாய்களோடு ஒரு பொதுத் தேய்ப்புக் கூடமும் மெருகுக் கூடமும் பூங்காவின் முதல் கட்டத்திலேயே இருக்க வேண்டும். அவர்களுக்குத் தொழிலாளர் அடையாள அட்டையும் காப்பீடும் அங்கிருந்தே தொடங்கலாம்.

மனை ஒதுக்கீட்டு விதிகளையும் பொது வசதிகளின் வரைபடத்தையும் இறுதி செய்வதற்கு முன்பாக, செங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் தலா ஒரு நாள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அறுவை மில்காரர்கள், பட்டறைக்காரர்கள், மரம் வளர்க்கும் விவசாயிகள், வனத்துறை அலுவலர்கள், தேய்ப்பு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரை ஒரே கூடத்தில் உட்கார வையுங்கள். வேலை நாளாக இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நாள்கூலிக்காரர்களும் வர முடியும். உலைக்கு எவ்வளவு கூலி கட்டுப்படியாகும், மாதத்துக்கு எத்தனை கன அடி மரம் வரும், எந்தச் சாமானுக்கு எங்கள் கைகள் தயாராக இருக்கின்றன என்ற கணக்குகளைப் பட்டறைவாரியாகத் திரட்டி அந்தக் கூட்டத்தில் உங்களிடம் ஒப்படைக்க நானும் என் போன்றோரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மிகுந்த மதிப்புடன்,
தச்சுப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.